கடலுக்குள் ஏது கையிருப்பு?

போன ஆடியில், மீன்பிடித் தடைக்காலம் முடியும் முன்பு, கன்னியாகுமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய நீரோடிப் பக்கத்து ஊர் ஒன்றில் மீனவர்களுக்கு ஒரு விளக்கக் கூட்டம் நடந்தது. அங்கே கொடுத்த தாளின் தலைப்பு 'நிலையான அறுவடைக்கான மீன் பங்கு மதிப்பீடு'. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்தப் பங்க மக்ளே இவிய மதிப்பிடப் போறாவ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் கடற்கரையில் பங்கு என்றால் பங்குத்தந்தையின் பொறுப்பில் இருக்கிற ஊர். இல்லையென்றால் மீன் விற்ற காசில் செலவு கழித்து வலைக்கு, வள்ளத்துக்கு, ஆளுக்கு என்று பிரிப்பது. 'ஃபிஷ் ஸ்டாக்' என்ற ஆங்கிலத் தொடரில் உள்ள 'ஸ்டாக்' என்ற சொல்லுக்குப் பங்குச்சந்தைப் பொருளை எடுத்து மீனின் தலையில் கட்டிவிட்டார்கள்.

சரி, அது கண்ணை மூடிக்கொண்டு செய்த பிழை, சொன்னால் திருத்திவிடுவார்கள். எனக்குப் பொறுக்காதது அதே தொடருக்கு எழுதுகிற 'மீன் கையிருப்பு'. நன்கு படித்தவர்கள், அக்கறையோடு மொழிபெயர்க்கிறவர்கள் எழுதுவது அது. செய்தியில், பாடக்குறிப்பில், அறிக்கையில் என்று பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

மூலச் சொல்லைப் பார்த்துவிடுவோம். பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டாக்' என்றால் அடிமரம். அடிமரத்திலிருந்து கிளை பிரிவதுபோல என்ற கருத்தில் கால்வழி, வம்சம் என்ற பொருள் வந்தது. சரக்கு, சேமிப்பு என்ற பொருளும் அதே சொல்லுக்கு உண்டு. நம் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்கள். மீன் அறிவியலுக்கு வேண்டியது முதலாவது.

ஏனென்றால் அங்கே 'ஸ்டாக்' என்பது ஓர் இனத்து மீன்கள் முழுவதும் அல்ல. அந்த இனத்துக்குள் ஒரு கடற்பரப்பில் வாழ்ந்து, தங்களுக்குள் கூடிப் பெருகி, பிடித்தால் ஒன்றாகக் குறைந்து, விட்டால் ஒன்றாகத் தேறுகிற ஒரு கூட்டம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் கோட் (cod) என்ற மீன் வெகுவாக அருகிப்போய் 1992 ஜூலையில் அதைப் பிடிப்பதையே நிறுத்தினார்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போயிற்று. அதே கோட் இனம் நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கே பாரன்ட்ஸ் கடலில் செழிப்பாகவே இருந்தது. இனம் ஒன்றுதான், விழுந்தது ஒரு கிளை. அந்தக் கிளைக்கு ஒரு பெயர் வேண்டும், அதைத்தான் நாம் தேடுகிறோம்.

இப்போது கையிருப்பைச் சோதித்துப் பாருங்கள். கை, இருப்பு. கையில் இருப்பதுதானே கையிருப்பு? ரேஷன் கடையில் அரிசி கையிருப்பு, ரிசர்வ் வங்கியில் அந்நியச் செலாவணி கையிருப்பு. இரண்டும் ஒருவர் பொறுப்பில் உள்ளவை, எண்ணி ஏட்டில் எழுதியவை. கடலில் திரிகிற சாளை (மத்தி மீன்) யார் கையில் இருக்கிறது? அதை யாரும் எண்ணிப் பார்த்ததும் இல்லை. கரைக்கு வந்த மீனை நிறுத்து, நீளம் அளந்து, மீனின் காதுக்குள் இருக்கிற சிறு கல்லான காதுக்கல்லை அறுத்து வயது பார்த்து, கடலுக்குள் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். அது மதிப்பீடு. 'கையிருப்பு' என்றதும் யாரோ எண்ணி வைத்துவிட்டார்கள் என்ற தைரியம் வந்துவிடுகிறது. அந்தத் தைரியம் ஆபத்தானது.

இன்னொன்றும் உண்டு. கையிருப்பு எடுத்தால் குறையும், வாங்கிப் போட்டால் கூடும். தானாகப் பெருகாது. மீன் பெருகும். கேரளத்தில் 2012-இல் ஏறக்குறைய 3.9 லட்சம் டன் சாளை கரையேறியது. 2021-இல் வெறும் 3,297 டன். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு இது. கிட்டங்கி காலியானால் காலிதான். ஆனால் சாளை திரும்பி வந்தது, இரண்டே ஆண்டுகளில் லட்சம் டன்னைத் தாண்டியது. கனடாக் கோட்டோ முப்பது ஆண்டு கழித்தும் பழைய நிலைக்கு வரவில்லை. பெருகுவதும் பெருகாமல் போவதும்தான் இங்கே விஷயம். அதைச் சொல்லவே முடியாத ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என்ன மதிப்பிடுவது?

கையிருப்புக்கு வயதும் கிடையாது. சாளை 10 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் பிடிக்கக்கூடாது, அயிலை (கானாங்கெளுத்தி) 14-க்குக் குறைந்தால் பிடிக்கக்கூடாது என்று கேரளத்தில் சட்டமே இருக்கிறது. குஞ்சு ஒரு தடவையாவது முட்டையிடட்டும் என்பதுதான் அதன் நோக்கம். சரக்கு என்று நினைக்கிறவனுக்குச் சின்னதும் சரக்கு, பெரியதும் சரக்கு. அவனுக்கு இந்தச் சட்டம் தொல்லையாகத்தான் தெரியும்.

ஆகவே நான் சொல்வது 'மீன்குடி'. குடி என்றால் குலம், குடும்பம், ஓரிடத்தில் தங்கி வாழ்கிறவர்கள். வழிவழியாக வருவது, ஓர் இடத்தைப் பற்றி நிற்பது, தங்களுக்குள் பெருகுவது, ஆக மூன்றும் அந்த இரண்டெழுத்துக்குள் இருக்கின்றன. பழங்குடி, தொல்குடி, குடியேற்றம் என்றெல்லாம் சொல்கிறோம், யாருக்கும் குழப்பமில்லை. 'மீன்குடி' என்றால் குடிப்பதாகத் தோன்றுமே என்று ஒரு நண்பர் கேட்டார். 'பழங்குடி' என்று படிக்கிறபோது யாருக்காவது பழச்சாறு நினைவுக்கு வருகிறதா?

'மீன்வளம்' போதாதா என்பார்கள். எல்லைக்கு அந்தப்புறம் கேரளத்திலும் 'மல்ஸ்யசம்பத்து' என்றுதான் சொல்கிறார்கள், இரண்டும் நல்ல சொற்கள். ஆனால் வளம் பொதுவானது. ஒரே இனத்தில் இந்தக் கடலில் ஒன்று, அந்தக் கடலில் ஒன்று என்று பிரித்துச் சொல்ல அது உதவாது. 'மீன்தொகை' என்பதை ஓரளவு ஒப்புக்கொள்வேன், மக்கள்தொகை போல. ஆனால் அது எண்ணிக்கையை மட்டும் சொல்கிறது, உறவைச் சொல்வதில்லை.

அந்த உறவு எங்கள் எல்லையில் நன்றாகவே தெரியும். 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அதனால் ஒரே கடற்கரையில் மாநில எல்லை விழுந்தது. மேற்கே தேங்காப்பட்டணம், குளச்சல் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. கிழக்கே சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. நீரோடியைத் தாண்டிப் பொழியூர் போனால் கேரளத்துக் கணக்கு, ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கும். எங்கள் தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் ஆட்கள் கொச்சியில் தங்கித் தொழில் செய்கிறவர்கள், இந்தத் தேதிகள் எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். சாளைக்கு எல்லைக்கல் தெரியாது. ஒரே குடியை எத்தனை தேதி வைத்துக் காப்பது என்று கேட்டால் கேள்வி விளங்குகிறது. 'ஒரே கையிருப்பை' என்று கேட்டுப் பாருங்கள், வாக்கியமே நிற்கவில்லை.

அந்தத் தாளில் மற்றவையும் இப்படித்தான். 'அறுவடை' என்கிறார்கள். விதைத்தவன் அறுக்கலாம், கடலில் விதைத்தது யார்? 'மீன்பிடிப்பு' என்றால் போதும், கரையில் கேட்டால் 'மீன்பாடு' என்ற அழகான சொல் கிடைக்கும். 'நிலையான' என்றால் மாறாதது. மீன்பாடு எந்த வருஷம் மாறாமல் இருந்தது? 'குன்றாத மீன்பிடிப்பு' என்றால் கருத்துச் சரியாக வருகிறது. எத்தனை படகு, எத்தனை நாள், எத்தனை முறை வலை போட்டார்கள் என்ற கணக்குக்கு 'மீன்பிடி முயற்சி' என்று போட்டிருந்தார்கள். முயற்சி தோற்றதா வென்றதா என்றுதான் படிக்கிறவர் நினைப்பார். 'தொழில் அளவு' என்று எழுதியிருந்தால் அன்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் புரிந்திருக்கும். அகராதியைப் பார்த்தவர்கள், கடற்கரைக்கு வந்து ஒரு நாள் நின்று கேட்டிருக்கலாம்.

அன்று கூட்டம் கலைந்தபின் அந்தப் பெரியவரிடம் இதை விளக்கினேன். பங்கு என்று போட்டது தப்பு, இந்தக் கடலில் சாளைக்குடி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கப் போகிறார்கள், அவ்வளவுதான் என்றேன். அவர் தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப அயிலைக்குடிய எப்ப பாப்பாவ?"