நெக்கார்சுல்மின் முக்கோண எஞ்சின்

பெட்ரோல் எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலே போகிறது, நிற்கிறது, கீழே வருகிறது, மறுபடி நிற்கிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 200 முறை இப்படி நின்று திரும்பியாக வேண்டும். நமக்குத் தேவையோ சக்கரம் சுற்றுவது மட்டும்தான். மேலும் கீழுமான ஆட்டத்தைச் சுழற்சியாக மாற்ற கனெக்டிங் ராடும் கிராங்க் ஷாஃப்டும் வேண்டும். காற்றும் பெட்ரோலும் உள்ளே வரவும் புகை வெளியேறவும் வால்வுகள், அந்த வால்வுகளைத் திறந்து மூட கேம் ஷாஃப்ட், ஸ்பிரிங், செயின். இத்தனையும் அதிர்கின்றன, சத்தம் போடுகின்றன, தேய்கின்றன. எரிகிற வாயு நேராகவே ஒன்றைச் சுற்றிவிட்டால் இவற்றில் பெரும்பாலானவை தேவைப்படாது.

இது எஞ்சினியர்களின் பழைய ஆசை. அதைக் காரில் வைத்து முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஜெர்மனியின் என்.எஸ்.யு. கம்பெனி. கடைசியில் அந்தக் கம்பெனியே இல்லாமல் போனது. அதனால் என்.எஸ்.யு. என்றாலே பலர் அதைத் தோல்விக் கதையாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எஞ்சினைத் திறந்து பார்த்தால் தோற்றது எது, தோற்காதது எது என்று தனித்தனியாகவே தெரியும்.

என்.எஸ்.யு. கார் கம்பெனியாகப் பிறக்கவில்லை. 1873இல் டான்யூப் கரையில் உள்ள ரீட்லிங்கன் என்ற ஊரில் பின்னல் இயந்திரம் செய்யும் பட்டறையாகத் தொடங்கியது. 1880இல் நெக்கார்சுல்முக்கு இடம் மாறியது. கம்பெனியின் பெயரும் பின்னர் அந்த ஊர்ப்பெயரிலிருந்து வந்ததுதான். 1886இல் சைக்கிள், 1901இல் மோட்டார் சைக்கிள், அதற்குச் சில ஆண்டுகள் கழித்துக் கார். 1920களின் இறுதியில் கையில் காசில்லாமல் கார் தொழிற்சாலையை ஃபியட்டிடம் விற்க நேர்ந்தது. போருக்குப் பிறகு இரு சக்கர வண்டிகளால் மீண்டது. குவிக்லி என்ற அதன் மொபெட் 10 லட்சத்துக்கும் மேல் விற்றது. 1955இல் உலகிலேயே அதிக மோட்டார் சைக்கிள் தயாரித்த கம்பெனி இதுதான்.

அந்த உச்சத்திலிருந்துதான் சிக்கலும் வந்தது. ஜெர்மானியர்களின் சம்பளம் உயர உயர, மழையில் நனைந்துகொண்டு பைக்கில் போக யாருக்கும் மனமில்லை. பைக் விற்பனை சரிந்தது. என்.எஸ்.யு. மறுபடி காருக்குத் திரும்பி, சுமார் 600 சி.சி. எஞ்சினைப் பின்பக்கம் வைத்த பிரின்ஸ் என்ற சிறிய காரைக் கொண்டுவந்தது. நல்ல வண்டிதான். ஆனால் ஃபோக்ஸ்வாகன் போன்ற பெரிய கம்பெனியோடு சிறிய காரில் மோதி ஜெயிக்க முடியாது. வேறு யாரிடமும் இல்லாத ஒன்று தேவைப்பட்டது. அது ஏற்கெனவே அவர்களுடைய ஆராய்ச்சிக் கூடத்திலேயே உருவாகிக்கொண்டிருந்தது.

ஃபெலிக்ஸ் வாங்கெல் 1902இல் பிறந்தவர். கல்லூரியில் பொறியியல் படித்தவர் அல்ல. கிட்டப்பார்வை அதிகம், கடைசிவரை டிரைவிங் லைசென்ஸ் எடுக்கவில்லை. இளவயதிலேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர், அந்த ஆட்சியில் விமான எஞ்சின் ஆராய்ச்சி செய்தவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவருடைய தனித்திறமை ஒன்றே ஒன்று: சுழலும் பாகங்களுக்கு இடையில் வாயு கசியாமல் அடைப்பது. 1951 முதல் என்.எஸ்.யு.வோடு சேர்ந்து வேலை செய்தார். 1957 பிப்ரவரியில் முதல் சோதனை எஞ்சின் ஓடியது. அதில் உள்ளே இருந்த ரோட்டார் என்ற சுழல் பாகமும் சுற்றியது, அதைச் சூழ்ந்த கூடும் சுற்றியது. அதிர்வே இல்லாத அழகான ஏற்பாடு. ஆனால் ஸ்பார்க் பிளக் ரோட்டாருக்குள் இருந்ததால், பிளக் மாற்ற எஞ்சினையே கழற்ற வேண்டும். என்.எஸ்.யு. எஞ்சினியர் ஹன்ஸ் டீட்டர் பாஷ்கே கூட்டை அசையாமல் நிறுத்தி, ரோட்டார் மட்டும் சுற்றும்படி மாற்றினார். 1958இல் அது ஓடியது. வாங்கெலுக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை. ஆனால் இன்று அவர் பெயரில் வழங்குவது பாஷ்கே மாற்றிய வடிவம்தான்.

சரி, அது எப்படி வேலை செய்கிறது?

வேர்க்கடலைத் தோடு போல நடுவில் லேசாக இடுங்கிய ஒரு உலோகக் கூடு. அதற்குள் பக்கங்கள் வெளிப்புறம் புடைத்த முக்கோண ரோட்டார். ரோட்டாரின் மூன்று முனைகளும் எந்த நிலையிலும் கூட்டின் சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அதனால் ரோட்டாருக்கும் சுவருக்கும் நடுவே எப்போதும் மூன்று தனித்தனி அறைகள் இருக்கும். ரோட்டாரின் நடுவில் உட்புறம் பல் வெட்டிய பெரிய வளையம். அது கூட்டோடு சேர்த்துப் பொருத்திய, அசையாத சிறிய பல்சக்கரத்தின் மேல் உருள்கிறது. பற்களின் விகிதம் 3:2. ரோட்டாரைத் தாங்குகிற தண்டில் மையத்திலிருந்து விலகிய ஒரு வட்டப் புடைப்பு உண்டு. ரோட்டார் அந்தப் புடைப்பைத் தள்ளித் தண்டைச் சுற்றுகிறது. ரோட்டார் ஒரு சுற்று முடிப்பதற்குள் தண்டு மூன்று சுற்று முடிக்கும்.

ஒரே ஓர் அறையைப் பின்தொடர்ந்து போவோம். ரோட்டாரின் ஒரு முனை, சுவரில் உள்ள நுழைவுத் துளையைத் தாண்டுகிறது. அதன் பின்னால் அறை விரிய விரிய, காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே இழுபடுகின்றன. அடுத்த முனை வந்து துளையைக் கடந்ததும் அறை மூடிக்கொள்கிறது. ரோட்டார் இன்னும் நகர, அறை கூட்டின் இடுங்கிய பகுதிக்கு வந்து நெருக்குண்டு, கலவை இறுகுகிறது. ஸ்பார்க் பிளக் பொறி தட்டுகிறது. எரிந்து விரியும் வாயு ரோட்டாரின் முகத்தைத் தள்ளுகிறது. எஞ்சினின் பலமெல்லாம் இந்தத் தள்ளலில்தான். அப்புறம் முன்முனை வெளியேறும் துளையைத் திறந்துவிட, புகை போய்விடுகிறது. இழு, அழுத்து, எரி, வெளியேற்று என்று பிஸ்டன் எஞ்சின் செய்யும் அதே நான்கு வேலைகள். வால்வு ஒன்றுகூட இல்லை. ரோட்டாரின் முனையே துளைகளைத் திறந்து மூடுகிறது. மற்ற இரண்டு அறைகளிலும் அதே நேரம் வேறு வேறு கட்டங்கள் நடந்துகொண்டிருக்கும். ஆக, தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தள்ளல். நான்கு ஸ்ட்ரோக் பிஸ்டனில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் அது கிடைக்கும். ஒரு தள்ளல் நீடிக்கும் நேரமும் இங்கே ஒன்றரை மடங்கு அதிகம். எஞ்சின் சிறியது, இலேசானது, இழைத்தது மாதிரி ஓடும்.

இனி வருவதுதான் சிக்கல். அந்த முனைகளில் ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளம் வெட்டி, அதில் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு பட்டையைச் செருகியிருப்பார்கள். அதுதான் முனை சீல். அடியில் ஒரு ஸ்பிரிங் அதைச் சுவரோடு அழுத்தி வைக்கும். பிஸ்டனைச் சுற்றி வாயு கசியாமல் அடைக்கும் ரிங்கின் வேலைதான் அதற்கும். ஆனால் ரிங்குக்கு வாய்த்த வசதி எதுவும் அதற்கு இல்லை. ரிங் வட்டமானது, சிலிண்டரும் வட்டமானது. சுற்றிலும் ஒட்டிப் படியும், எப்போதும் ஒரே கோணத்தில் உரசும். முனை சீல் சுவரைத் தொடுவதோ ஒரு மெல்லிய கோட்டில். அதிலும் சுவர் வளைந்து வளைந்து போவதால், சீல் ஒரு பக்கம் சுமார் 25 டிகிரி சாயும், சற்று நேரத்தில் மறுபக்கம் சாயும். அதன் முன்னும் பின்னும் இருக்கும் அறைகளில் அழுத்தம் மாறிக்கொண்டே இருப்பதால், பள்ளத்துக்குள்ளேயே இங்கும் அங்கும் தட்டும். தவிர, கூட்டின் ஒரு பக்கத்தில் எப்போதும் குளிர்ந்த கலவை நுழைகிறது, எதிர்ப்பக்கத்தில் எப்போதும் நெருப்பு. குளிர்ந்த சுவரிலிருந்து கொதிக்கும் சுவருக்கும் மறுபடி குளிர்ந்த சுவருக்கும் சீல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். உயவுக்கு ஆயிலையும் கொஞ்சம் உள்ளே விட்டாக வேண்டும், அதுவும் எரிந்து போகும். பிஸ்டன் வண்டி ஆயில் குடித்தால் மெக்கானிக் ரிங் போயிற்று என்பார். இங்கே நன்றாக இருக்கும் எஞ்சினே ஆயில் குடிக்கும்.

முதலில் வந்தது 1964இல் விற்பனையான ஸ்பைடர் என்ற இரண்டு சீட்டுக் கார். ஒற்றை ரோட்டார், 498 சி.சி., 50 குதிரைத்திறன். 2,400 வண்டிக்குள்தான் செய்தார்கள். சோதனைக்கு அது சரியான அளவு. அங்கேயே இன்னும் இரண்டு மூன்று ஆண்டு நின்று சீலைச் சரிசெய்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் உலகமே வரிசையில் நின்று லைசென்ஸ் வாங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் கர்ட்டிஸ்-ரைட் 1958இலேயே வாங்கிவிட்டது, பிறகு மஸ்தா, டைம்லர்-பென்ஸ், ரோல்ஸ் ராய்ஸ். பின்னாளில், 1970இல், ஜெனரல் மோட்டார்ஸும் 5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. எஞ்சினைக் கண்டுபிடித்த கம்பெனியே பெரிய காரில் அதை வைத்துக் காட்டாவிட்டால் எப்படி?

1967இல் பிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்கு ரோ 80 வந்தது. இரண்டு ரோட்டார், இரண்டும் சேர்ந்தே ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு, 115 குதிரைத்திறன். எஞ்சின் அவ்வளவு சிறியதாக இருந்ததால் வடிவமைப்பாளர் கிளவுஸ் லூட்டேயால் மூக்கைத் தாழ்த்தி வாலை உயர்த்த முடிந்தது. காற்றுத்தடை எண் 0.355, அந்தக் காலத்துக்கு மிகக் குறைவு. முன்சக்கர இயக்கம், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், பவர் ஸ்டீயரிங். கிளட்ச் பெடல் கிடையாது. கியர் கம்பியின் குமிழில் கை பட்டாலே உள்ளே இருக்கும் சுவிட்ச் கிளட்ச்சை விடுவித்துவிடும், கையை எடுத்தால் பிடித்துக்கொள்ளும். 1968க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருது அதற்குக் கிடைத்தது. ஜெர்மன் கார் ஒன்று அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் தடவை.

பிறகு வண்டிகள் திரும்பி வரத் தொடங்கின. 50,000 கிலோமீட்டருக்கு முன்பே கம்ப்ரஷன், அதாவது கலவையை இறுக்கும் அழுத்தம், போனது. ஒவ்வொரு சீலும் மூன்று துண்டுகளாலானது. மூன்றும் ஒரே உலோகமாக இருந்ததால், எஞ்சின் சூடேறாமல் கிளம்பும்போது நடுத்துண்டு மற்றவற்றைவிட வேகமாகத் தேய்ந்தது. பின்னால் நடுத்துண்டை மட்டும் கடினமான வேறு பொருளில் செய்ததும் ஆயுள் கூடியது. வேறொரு தொல்லை எஞ்சினின் நல்ல குணத்தாலேயே வந்தது. அதிர்வும் இரைச்சலும் இல்லாததால் எத்தனை ஆயிரம் சுற்றில் ஓடுகிறது என்று ஓட்டுநருக்கே தெரியவில்லை, எல்லை மீறி முடுக்கினார்கள். அதற்கென்று பின்னர் எச்சரிக்கை பஸ்ஸர் வைத்தார்கள். எதிரெதிரே வரும் ரோ 80 உரிமையாளர்கள் தாங்கள் இதுவரை எத்தனை எஞ்சின் மாற்றினார்கள் என்று விரல்களைக் காட்டிக்கொள்வார்களாம். அந்த எஞ்சின்களை உத்தரவாதத்தில் இலவசமாக மாற்றிக் கொடுத்தது என்.எஸ்.யு. அந்தச் செலவைத் தாங்கும் பணம் அதனிடம் இல்லை.

1969இல் ஃபோக்ஸ்வாகன் என்.எஸ்.யு.வை வாங்கி, தன் வசமிருந்த ஆட்டோ யூனியனோடு (பின்னாளில் ஆடி ஆன கம்பெனி) இணைத்தது. ரோ 80 உற்பத்தி 1977வரை நடந்தது, மொத்தம் 37,398 வண்டிகள். நெக்கார்சுல்ம் தொழிற்சாலை இன்று ஆடியுடையது. 1980களில் ஐரோப்பியக் கார்கள் எல்லாம் மூக்கைத் தாழ்த்தி வாலை உயர்த்திக்கொண்டு வந்தபோது, லூட்டே 15 ஆண்டு முன்பே வரைந்த கோடுகளைத்தான் அவை பின்பற்றின. தோற்காதது என்று நான் சொன்னது இதைத்தான்.

சீலை உண்மையில் வென்றவர்கள் ஹிரோஷிமாவில் இருந்த மஸ்தா எஞ்சினியர்கள். கெனிச்சி யமமோட்டோவின் குழுவுக்கும் முதலில் அதே கதைதான். சீல் அதிர்ந்து சுவர் முழுக்கக் குறுக்குக் கீறல்கள் விழுந்தன. அவர்கள் அவற்றைப் பிசாசின் நகக்கீறல் என்றார்கள். தேய்மானம் என்று பார்க்காமல், அதை அதிர்வுப் பிரச்சினையாகப் பார்த்ததுதான் திருப்பம். சீலுக்குள் துளையிட்டால் அது அதிரும் வேகம் மாறுகிறது, கீறல் மறைகிறது என்று கண்டார்கள். பிறகு கார்பனில் அலுமினியம் ஊட்டிய சீலோடு 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் வந்தது. 1991இல் நான்கு ரோட்டார் கொண்ட மஸ்தா 787பி, லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது.

சீல் சரியான பிறகும் ஒன்று மிச்சம் இருந்தது, அதற்கு மருந்து கிடைக்கவில்லை. எரியும் அறையின் வடிவமே பிரச்சினை. அது நீளமாக, தட்டையாக, ஓடிக்கொண்டே இருக்கிறது. சுவர்ப்பரப்பு அதிகம் என்பதால் சூடு வீணாகிறது. பின்முனையின் இடுக்குக்குத் தீ போய்ச் சேர்வதற்குள் வெளியேறும் துளை திறந்துவிடுகிறது, எரியாத பெட்ரோல் புகையோடு போகிறது. ஒவ்வொரு ரோட்டாருக்கும் இரண்டு பிளக் வைத்தும் இது முழுதாகத் தீரவில்லை. 1973இல் எண்ணெய் விலை ஏறியதும், புகை விதிகள் இறுகியதும், மற்ற கம்பெனிகள் ஒவ்வொன்றாக விலகியது இதனால்தான். மஸ்தாவும் 2012இல் ஆர்.எக்ஸ்-8 உற்பத்தியை நிறுத்தியது.

2023இல் அதே மஸ்தா, எம்.எக்ஸ்-30 என்ற மின்சாரக் காரில் 830 சி.சி. ஒற்றை ரோட்டார் எஞ்சினை வைத்தது. அது சக்கரத்தைத் தொடுவதே இல்லை, பேட்டரிக்கு மின்சாரம் தயாரிக்க மட்டும் ஓடுகிறது. சக்கரத்தோடு பிணைப்பு இல்லாததால், எந்த வேகத்தில் குறைவாகக் குடிக்குமோ அதை ஒட்டியே அதை ஓட்டலாம். ரோ 80ஐப் போல ஓட்டுநர் காலடியில் சிக்கித் திணற வேண்டியதில்லை. சிறிய இடத்தில் அடங்குவதும் அதிர்வில்லாததும் இந்த வேலைக்கு நேரடியாகப் பயன்படுகின்றன. ஆர்.எக்ஸ்-8இல் 2 மில்லிமீட்டராக இருந்த முனை சீலை இதில் 2.5 மில்லிமீட்டராகத் தடிமனாக்கியிருக்கிறார்கள்.