புரை எடுத்த கண்ணில் மறுபடியும் புரை வருமா?

அறுவை முடிந்து இரண்டு வருஷம் தெளிவாகத் தெரிந்த கண் மெல்ல மங்க ஆரம்பித்தால் புரை திரும்பிவிட்டதா, வைத்த லென்ஸ் கெட்டுவிட்டதா என்று பலரும் கேட்கிறார்கள். பெரும்பாலும் இரண்டும் இல்லை. மங்குவது, கண்ணின் சொந்த லென்ஸை மூடியிருந்த, இப்போது புது லென்ஸ் உட்கார்ந்திருக்கும் மெல்லிய உறை.

புரை என்பது மங்கிப்போன அந்தச் சொந்த லென்ஸ்தான். அறுவையில் கருவிழி ஓரத்தில் 2.2 முதல் 2.8 மி.மீ. கீறல், உறையின் முன்பக்கத்தில் ஏறக்குறைய 5 மி.மீ. வட்டத் திறப்பு, அதன் வழியே நொடிக்குச் சுமார் 40,000 முறை அதிரும் ஊசியால் புரையை உடைத்து உறிஞ்சி, மடித்த லென்ஸை உள்ளே விரியவிடுகிறார்கள். (‘லேசரில் எடுத்தாங்க’ என்பார்கள், பெரும்பாலும் அது மீயொலிதான், அதாவது அல்ட்ராசவுண்ட்.) பின்பக்க உறையைத் தொடுவதில்லை. சுமார் 4 மைக்ரான் தடிமன், ஒரு சிவப்பணு விட்டத்தில் பாதிதான். புது லென்ஸைத் தாங்குவதும், பின்னால் கண்ணை நிரப்பியிருக்கும் கூழ் போன்ற பொருளை முன்னே வராமல் தடுப்பதும் அதுதான்.

முன் உறையின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காக எபிதீலியல் செல்கள் ஒட்டியிருக்கும். எவ்வளவு சுத்தம் செய்தாலும் ஓரத்தில் கொஞ்சம் தங்கிவிடும். சொந்த லென்ஸ் போனது அவற்றுக்குத் தெரியாது. பெருகிக்கொண்டே பின் உறைக்கு நகரும். சில முத்து முத்தாக உப்பும், சில சுருங்கி உறையைக் கசக்கிவிடும். இதைத் தடுக்கப் புது லென்ஸின் பின்விளிம்பையே கூர்மையான செங்கோணமாகச் செய்கிறார்கள். உறை அந்த விளிம்பில் இறுக்கமாக மடங்குவதால் பெரும்பாலான செல்களால் அதைத் தாண்ட முடியாது. லென்ஸின் ஒளிப்பகுதி 6 மி.மீ., திறப்பு 5 மி.மீ.; சுற்றிலும் அரை மி.மீ. உறை மேலே படிந்து லென்ஸைப் பின்னோக்கி அழுத்துகிறது. திறப்பு பெரிதானாலோ ஒரு பக்கம் சாய்ந்தாலோ பிடி தளர்ந்து, செல்கள் அந்த வழியே நுழைந்துவிடும். சின்ன விளிம்புக்கு எவ்வளவு வேலை!

மங்கிவிட்டால் யாக் லேசர். 1064 நானோமீட்டர் கண்ணுக்குத் தெரியாத ஒளி, சில நானோநொடித் துடிப்பு, சில மில்லிஜூல். குவியும் புள்ளியில் பிளாஸ்மா உண்டாகி, அதன் அதிர்வலை மங்கிய பின் உறையின் நடுவைக் கிழித்து ஒளிக்கு வழி திறக்கிறது. குவியம் சற்று முன்னே வந்தால் லென்ஸில் குழி விழும். அதனால் உறைக்குச் சற்றுப் பின்னால் வைத்துச் சுடுவார்கள். கத்தி, தையல் எதுவும் இல்லை. அன்றே கண் அழுத்தம் பார்த்து அனுப்பிவிடலாம். ஒரு எச்சரிக்கை: லென்ஸின் பவரோ வகையோ ஒத்துவரவில்லை, மாற்றவேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். உறையைத் திறந்தபின் லென்ஸை மாற்றுவது மிகக் கடினம்.

அறுவைக்கு முன்பே சொல்லவேண்டியவையும் உண்டு. புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின் மாத்திரை எடுத்தால் அறுவையின் நடுவில் கண்பாப்பா சுருங்கும், அதைச் சுற்றிய கருந்திரை (ஐரிஸ்) தொளதொளக்கும், உறை கிழியும் வாய்ப்பு கூடும். மாத்திரையை நிறுத்தினாலும் இந்த ஆபத்து முழுதாகப் போகாது. ஆகவே தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். முன்பு கண்ணாடியைத் தவிர்க்கக் கருவிழியில் செய்யும் லாசிக் லேசர் சிகிச்சை செய்திருந்தால் லென்ஸ் பவர் கணக்கு பிசகும், அதையும் மறைக்காதீர்கள். ‘புரை முற்றட்டும்’ என்பது பழைய காலத்து யோசனை. முற்றினால் கடினமாகும், மீயொலி அதிகம் தேவைப்படும், மறுபடி வளராத கருவிழியின் உட்செல்கள் அழியும். புரையைக் கரைக்கும் என்று விற்கும் சொட்டு மருந்துகளை நம்பிக் காத்திருப்பதும் வீண்தான்.

மெல்ல வரும் மங்கலுக்கு அவசரமில்லை. அறுவைக்குப் பின் முதல் வாரத்தில் வலி, சிவப்பு, பார்வை இறக்கம் சேர்ந்து வந்தால் கண்ணுக்குள் தொற்றாக இருக்கலாம். எப்போதானாலும் மின்னல் வெட்டுகள், புதிதாக மிதக்கும் புள்ளிகள், திரை இறங்குவது போன்ற நிழல் வந்தால் விழித்திரை பிரிகிறதோ என்று சந்தேகிக்கவேண்டும். இரண்டுக்கும் அன்றே போய்க் காட்டுங்கள்.