செருப்புச் சத்தத்தைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள்

இரவு பத்து மணிக்கு டாஸ்மாக் கடை மூடும். பத்தேகாலுக்குத் தெருமுனையில் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்கும். வண்டி ஒரே சீராக வருகிறதா, நடுவில் ஆஃப் ஆகி மறுபடி உதைக்கப்படுகிறதா? செருப்பு இரண்டும் ஒன்றாகக் கழன்றதா, ஒன்று மட்டும் சுவரில் போய் மோதியதா? புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் 14 வயதுப் பெண் இவ்வளவையும் காதாலேயே படித்துவிடுவாள். தட்டில் சோறு போட்டு வைப்பதா, தம்பியை எழுப்பிப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவதா என்பதைக் கதவு திறப்பதற்குள் முடிவு செய்தும் இருப்பாள். இவளைப் போன்ற பிள்ளைகள் தங்களுக்குள் கூடிப் பேசினால் என்ன மாறும் என்பதுதான் இங்கே கேள்வி.

பார்ப்பவர்கள் 'பொறுப்பான பொண்ணு' என்பார்கள். அந்தப் பொறுப்புக்கு அவள் உடம்பு கொடுக்கும் விலை பெரியது. ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி மணியடித்தால், மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி என்று வரிசையாகச் செய்தி போய், கார்ட்டிசால் என்ற நெருக்கடி ஹார்மோன் ரத்தத்தில் ஏறும். நாய் துரத்தும்போது இது நல்லது. நாய் போனதும் இறங்கிவிடும். குடிக்கும் வீட்டில் சிக்கல் என்னவென்றால், நாய் எப்போது வரும், எப்போது வாலாட்டும் என்றே தெரியாது. ஒருநாள் அடி, மறுநாள் பரோட்டா பார்சல். காலையில் தலையிலடித்துச் சத்தியம் செய்வார். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்று பெரியவர்கள் சொல்வதை அவள் மாலைக்குள் புரிந்துகொள்வாள். எப்போது வரும் என்று தெரிந்த துன்பத்தைவிட, தெரியாத துன்பம் அந்த மணியை அதிக நேரம் அடிக்க வைக்கும்.

குழந்தைப் பருவக் கொடுமைகள் பிற்கால உடல்நலத்தை எப்படிப் பாதிக்கின்றன என்று அமெரிக்காவின் சான் டியேகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா குழுவினர் ஆராய்ந்து 1998-ல் வெளியிட்டார்கள். அடி, வசவு போன்றவற்றோடு, வீட்டில் குடி அல்லது போதைப் பழக்கம் உள்ள ஒருவரோடு வளர்வதையும் அவர்கள் ஒரு கொடுமையாகக் கணக்கில் சேர்த்தார்கள். அப்படி வளர்ந்ததாக நான்கில் ஒருவர் சொன்னார். இந்தியாவுக்கு வந்தால், மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி குடியால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுகிறவர்கள் 5.7 கோடிப் பேர். அவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் எத்தனை பிள்ளைகள் என்று அந்த எண் சொல்லாது.

என்னோடு ஒன்பதாம் வகுப்பு படித்த ஒருவன் எங்கள் எல்லார் வீட்டுக்கும் வருவான். அவன் வீட்டுக்கு நாங்கள் ஒருமுறைகூடப் போனதில்லை. "வீட்ல பெயிண்ட் அடிக்கிறாங்க" என்பான். இரண்டு வருடமாகப் பெயிண்ட் அடித்தார்கள். நாங்களும் நம்பினோம், அல்லது நம்பியது போல இருந்தோம்.

இந்த மறைப்புக்குள்தான் இன்னொரு நோய் வளர்கிறது: 'என்னால்தான்' என்ற எண்ணம். "நீ மார்க் வாங்குற லட்சணத்துக்குத்தான்டா குடிக்கிறேன்" என்று குடிப்பவரே சொல்லியிருக்கலாம். சொல்லாவிட்டாலும் பிள்ளை அப்படி நினைத்துக்கொள்ளும். அதில் ஒரு கொடூரமான ஆறுதல் இருக்கிறது. தவறு என்னுடையது என்றால், நான் திருந்தினால் எல்லாம் சரியாகிவிடும் அல்லவா? எனவே பாட்டிலை ஒளித்து வைப்பது, சரக்கில் தண்ணீர் கலப்பது, முதல் ரேங்க் எடுப்பது என்று முயற்சிகள் நீளும். எதுவும் பலிக்காது. குடிநோய் மரபும் சூழலும் பாதிப் பாதியாகச் சேர்ந்து உருவாவது, 'இன்னும் வேண்டும்' என்று தூண்டும் மூளையின் வெகுமதிச் சுற்றையே மாற்றிவிடுவது. மார்க் ஷீட்டுக்கு அது அசையாது.

1957-ல் கலிஃபோர்னியாவில் 17 வயதுப் பையன் ஒருவன் இதற்கு ஒரு வழி கண்டான். அவன் அப்பா ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது நாம் ஏஏ என்று சொல்லும் அமைப்பில் இருந்தார். குடியை நிறுத்த விரும்புகிறவர்களே கூடிப் பேசும் ஏஏ 1935-ல் தொடங்கியது. அம்மா, குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காக 1951-ல் உருவான அல்-அனான் கூட்டங்களுக்குப் போய்வந்தார். அப்பாவுக்கு ஒரு கூட்டம், அம்மாவுக்கு ஒரு கூட்டம், நமக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டு, தன் வயதுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டான். அப்படிப் பிறந்ததுதான் அலட்டீன்.

கூட்டத்தை வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் நடப்பதாகத் தெரியாது. நாற்காலிகளைச் சுற்றிப் போட்டு உட்கார்வார்கள். முழுப்பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிடக் கூடாது. "நீ இப்படிச் செய்திருக்கலாமே" என்ற அறிவுரை கூடாது. தன் அனுபவத்தை மட்டும் சொல்லலாம். பேசப் பிடிக்கவில்லையா, சும்மா இருக்கலாம். இங்கே கேட்டது வெளியே போகக் கூடாது. அல்-அனானில் இருக்கும் பெரியவர்கள் ஓரமாக உடன் இருப்பார்கள்.

இதில் எது வேலை செய்கிறது? முதலில், பெயர் வைப்பது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மேத்யூ லீபர்மன் குழு, கோபமும் பயமும் தெரியும் முகப் படங்களைப் பெரியவர்களுக்குக் காட்டியபடி அவர்கள் மூளையை எம்ஆர்ஐ கருவியில் பார்த்தது. 2007-ல் வந்த முடிவு: அந்த உணர்ச்சியை ஒரு சொல்லால் குறிக்கச் சொன்னபோது அமிக்டலாவின் துடிப்பு குறைந்தது, நெற்றிக்குப் பின்னால் உள்ள கட்டுப்பாட்டுப் பகுதி விழித்துக்கொண்டது. 'எனக்கு என்னவோ போல இருக்கு' என்பதற்கும் 'எனக்கு வெட்கமா இருக்கு' என்பதற்கும் உள்ள தூரம் அது. வீட்டில் இந்தச் சொற்களுக்கு இடமில்லை. கூட்டத்தில் எதிரே இருப்பவன் சொல்லும்போது நமக்கும் அந்தச் சொல் கிடைத்துவிடுகிறது.

அடுத்தது, யார் சொல்கிறார்கள் என்பது. 'உன் மேல தப்பில்லைம்மா' என்று சித்தி சொன்னால், ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றே தோன்றும். அதே சொற்றொடரை, நேற்று இரவு தன் அப்பாவைச் சாக்கடை ஓரத்திலிருந்து தூக்கி வந்த பையன் சொன்னால் அது சாட்சி. அலட்டீனிலும் அல்-அனானிலும் அடிக்கடி கேட்கும் மூன்று வாக்கியங்கள் உண்டு: இதை நான் உண்டாக்கவில்லை; என்னால் இதைக் கட்டுப்படுத்த முடியாது; என்னால் இதைக் குணப்படுத்தவும் முடியாது. கேட்டவுடன் கைவிட்டது போலத் தோன்றும். ஆனால் பிள்ளைகள் நெருக்கடியை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று ஆராய்ந்த புரூஸ் காம்பஸ் போன்ற உளவியலாளர்கள் சொல்வது இதுதான்: மாற்ற முடியாத ஒன்றோடு மல்லுக்கட்டுவதைவிட, அது அப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டு தன் கவனத்தை வேறுபக்கம் திருப்பும் பிள்ளைகளுக்கு மனச்சோர்வும் பதற்றமும் குறைவு.

சரி, அப்படியானால் கஷ்டப்படும் பிள்ளைகளை ஓர் அறையில் சேர்த்து உட்கார வைத்தால் போதுமா? போதாது. சில சமயம் ஆபத்தும் கூட. பள்ளிகளில் ஆர்வத்தோடு இப்படி எதையாவது தொடங்குபவர்கள் கவனிக்காமல் விடுவது இந்த இடத்தைத்தான்.

1999-ல் தாமஸ் டிஷியன், ஜோன் மெக்கார்ட், ஃபிரான்ஸ்வா பூலன் மூவரும் ஒரு சங்கடமான கட்டுரை எழுதினார்கள். வழிதவறும் அபாயத்தில் இருந்த இளம்பருவத்தினரைத் திருத்துவதற்காகக் குழுவாகச் சேர்த்த திட்டங்களில், புகைபிடிப்பதும் அடாவடியும் கூடித்தான் போயின. காரணம் எளியது. ஒருவன் தன் சாகசத்தைச் சொல்கிறான், மற்றவர்கள் சிரிக்கிறார்கள், சிரிப்பே பரிசாகிறது. கார் ஓட்டும் கணினி விளையாட்டில், தனியாக இருக்கும்போது ஒழுங்காக ஓட்டிய பதின்வயதினர், நண்பர்கள் பார்த்தால் கண்டபடி ஓட்டினார்கள் என்று மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்கும் 2005-ல் காட்டினார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை.

இன்னொரு பள்ளம் சத்தமில்லாதது. ஒரே துயரத்தைத் தோழிகள் இருவர் மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப அலசுவதை அமாண்டா ரோஸ் 2002-ல் ஆராய்ந்தார். நட்பு இறுகியது, கூடவே மனச்சோர்வும் பதற்றமும் ஏறியிருந்தன. புலம்பல் தோழமையைத் தரும், வெளியே போகும் வழியைத் தராது.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தின் சலிப்பூட்டும் விதிகளை மறுபடி பாருங்கள். குறுக்கே பேசக் கூடாது என்றால் சிரித்து உசுப்பேற்ற முடியாது. ஒரே ஆள் பிடித்துக்கொள்ளாமல் பேச்சு சுற்றிப் போவதால் ஒரு துயரத்தையே அரைத்துக்கொண்டிருக்க முடியாது. சில மாதம் முன்னால் வந்தவன் எப்படித் தேறினான் என்பதும் அதே சுற்றில் காதில் விழும். ஓரமாக உட்கார்ந்திருக்கும் பெரியவர் அலங்காரத்துக்கு இல்லை. அவருக்கு 21 வயதாவது ஆகியிருக்க வேண்டும், அல்-அனானில் இரண்டு ஆண்டாவது இருந்திருக்க வேண்டும் என்பது போன்ற பாதுகாப்பு விதிகளை அந்த அமைப்பு 2003-ல் கட்டாயமாக்கியது. 1957-ல் அந்தப் பையன் எந்த ஆராய்ச்சியையும் படித்திருக்க வாய்ப்பில்லை. பட்டறிவில் வந்த விதிகளுக்கு விளக்கம்தான் பின்னால் வந்தது.

பலன் எவ்வளவு என்று கேட்டால் அடக்கமாகத்தான் பேச வேண்டும். விரும்பி வருகிற பிள்ளைகளை, வராத பிள்ளைகளோடு ஒப்பிட்டால், பலன் கூட்டத்தால் வந்ததா, வருவதற்கே இருந்த துணிச்சலால் வந்ததா என்ற கேள்வி எழும். பெயர் சொல்லாத கூட்டத்தில், யார் வருவது, யார் வராமல் இருப்பது என்று குலுக்கிப் போட்டுச் சோதனை நடத்துவதும் லேசான காரியமில்லை. உறுதியான சான்று வேறு பக்கத்திலிருந்து வருகிறது. ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, பெற்றோரின் குடி, மனநோய் என்று எல்லாம் சூழ்ந்த பிள்ளைகளிலும் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே வளர்ந்தார்கள். அவர்களுக்குப் பாட்டியோ டீச்சரோ பக்கத்து வீட்டுக்காரரோ, நம்பிச் சாய ஒரு தோள் வீட்டுக்கு உள்ளேயோ வெளியேயோ இருந்தது.

தமிழ்நாட்டில் ஏஏ கூட்டங்கள் பல ஊர்களில் நடக்கின்றன. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை, குடிப்பவரோடு சேர்த்துக் குடும்பத்துக்கும் சிகிச்சை வேண்டும் என்று அப்போதிருந்தே சொல்லிவருகிறது. பிள்ளைகளுக்கு இங்கே தடை வேறு மாதிரி. மாலை ஆறு மணிக்கு எங்கே போகிறாய் என்று வீட்டில் கேட்டால் ஒரு பெண் என்ன சொல்வாள்? "உங்க குடியப் பத்திப் பேசப் போறேன்" என்றா? பள்ளி நேரத்திலேயே, வேறு பெயரில், பூட்டிய கதவுக்குப் பின்னால் இல்லாமல் மரத்தடியில் நடத்தினால் வரக்கூடும். அதுவரை போன் இருக்கிறது: அடி, ஆபத்து என்றால் 1098, மனசு தாங்கவில்லை என்றால் 14416. இரண்டுக்கும் காசு கிடையாது, இரவிலும் எடுப்பார்கள்.

அந்த ஒன்பதாம் வகுப்பு நண்பனைப் பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். பெயிண்ட் பற்றி அவனே சிரித்துக்கொண்டு ஆரம்பித்தான். "அடுத்த தெரு பையன் வீட்லயும் அதே பெயிண்ட்தான்டா. அது எனக்குக் காலேஜ் போனப்புறம்தான் தெரியும்" என்றான்.