தூண்டில் புழுவுக்குள் இரு நிறங்கள் ஒட்டி நிற்பது எப்படி?

முதுகு கரும்பச்சையாகவும் வயிறு முத்து வெண்மையாகவும் வார்க்கப்பட்ட ஒரு மென்பிளாஸ்டிக் தூண்டில் புழுவைக் கூரிய பிளேடால் குறுக்கே அறுத்துப் பார்த்தால், இரண்டு நிறங்களும் சந்திக்கும் இடத்தில் பென்சிலால் இழுத்ததுபோல ஒரு கோடு தெரியும். அந்தத் துண்டை இரு கைகளாலும் பிடித்து இழுத்தால், நன்றாக வார்க்கப்பட்டதாயின் அந்தக் கோட்டின் வழியே அது பிரிவதில்லை. கிழிந்தால் வேறெங்காவதுதான் கிழிகிறது. கண்ணுக்குத் தெரியும் எல்லையைப் பொருள் அறிவதே இல்லை. வீட்டில் பலவண்ணப் புழு வார்ப்பவரின் கைத்திறன் முழுவதும் இந்த நிலையை எட்டுவதில்தான் இருக்கிறது. அதற்கு வண்ணப் புட்டிகளைவிட வெப்பமானியே பெரிய துணை என்பது என் உறுதியான எண்ணம்.

இதன் மூலப்பொருளுக்குப் பிளாஸ்டிசால் என்று பெயர். பிவிசி என நாம் அறிந்த பாலிவினைல் குளோரைடின் மிக நுண்ணிய துகள்கள், பிளாஸ்டிசைசர் என்னும் எண்ணெய் போன்ற நெகிழ்வூட்டியில் கரையாமல் மிதந்துகொண்டிருக்கும் கலவை அது. ரப்பர் தொழிலுக்குப் பெயர்பெற்ற அமெரிக்க நகரமான ஆக்ரனில், 1926-இல், பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தின் வேதியியலர் வால்டோ செமன், விறைப்பான பிவிசியைக் கொதிநிலை மிகுந்த கரைப்பானோடு சூடாக்கி, ரப்பர்போல் வளையும் பொருளாக மாற்றினார். அதே ஆக்ரனில்தான் 1949-இல் நிக் கிரீம் தம் மனைவியோடு சேர்ந்து, இன்றைய தூண்டில் புழுக்களுக்கு முன்னோடியான வினைல் மண்புழுவை வார்த்தெடுத்தார்.

பிளாஸ்டிசாலைச் சூடாக்கும்போது நிகழ்வதைக் கண்ணாலேயே பின்தொடரலாம். தொடக்கத்தில் அது பால்போல் வெண்மையாக இருக்கிறது. பிவிசித் துகளும் அதைச் சூழ்ந்த நெகிழ்வூட்டியும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால், ஒவ்வொரு துகளின் விளிம்பிலும் ஒளி சிதறுகிறது. சூடு ஏற ஏற நெகிழ்வூட்டி துகள்களுக்குள் ஊடுருவுகிறது, துகள்கள் உப்புகின்றன, திரவம் திடீரென்று கரண்டி நகராத அளவுக்கு இறுகிக் கட்டியாகிறது. புதிதாக வார்க்கத் தொடங்குபவர்கள் கலவை கெட்டுவிட்டது என்று இந்தக் கட்டத்தில்தான் கைவிடுகிறார்கள். பொறுமையாகக் கிளறிக்கொண்டே வெப்பநிலையை ஏறத்தாழ 175 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோனால், துகள்களின் எல்லைகள் அழிந்து, நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, கட்டி மீண்டும் இளகித் தேன்போல் ஓடும்; ஒளி சிதற இடம் இல்லாததால் வெண்மையும் மறைந்து தெளிந்துவிடும்.

ஆறும்போது அந்தச் சங்கிலிகள் இங்கும் அங்கும் சின்னஞ்சிறு படிகங்களாக ஒழுங்குபட்டு, முடிச்சுகளைப்போல் முழு வலையையும் பிடித்துக்கொள்கின்றன. இவை வேதிப் பிணைப்புகள் அல்ல என்பதால், மறுபடி சூடாக்கினால் அவிழ்ந்துவிடும். இரண்டு நிறங்களை ஒட்டவைப்பது இந்த அவிழும் தன்மைதான். முதல் நிறத்தை வார்த்த பிறகு, அதன் மேற்பரப்பு இன்னும் சூடாக இருக்கும்போதே இரண்டாவது நிறத்தை ஊற்றினால், புதிய திரவத்தின் வெப்பம் பழைய மேற்பரப்பின் முடிச்சுகளை அவிழ்த்து, இரு பக்கச் சங்கிலிகளும் எல்லையைத் தாண்டிப் பின்னிக்கொள்ள வழிவிடுகிறது. தாமதமாக ஊற்றினாலும் பார்வைக்கு ஒட்டியதுபோலத்தான் இருக்கும். ஆனால் கொக்கியைக் கோத்ததும் முதுகு தோல்போல் உரிந்து வரும். நிறமித் துகள்களோ இந்த ஊடுருவலில் பங்கேற்பதில்லை. அவை மூலக்கூறுகளைவிட மிகப் பெரியவை, சூழ்ந்திருக்கும் பொருளும் பாகுபோல் தடித்தது. ஆகவே, ஆறி முடிவதற்குள் அவை கண்ணுக்குப் புலப்படும் தூரம் நகர்வதற்கு நேரமே கிடைப்பதில்லை. சங்கிலிகள் கலக்கின்றன, நிறம் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இதற்குக் கிடைக்கும் அவகாசம் அச்சைப் பொறுத்தது. அலுமினியம் சிலிகோன் ரப்பரைவிடப் பல நூறு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், அலுமினிய அச்சில் அவகாசம் மிகக் குறைவு. அச்சை முன்கூட்டியே வெதுவெதுப்பாக்குவது நல்லது. இந்த நெருக்கடியே இல்லாமல் செய்வது இரட்டை இன்ஜெக்டர். இரு நிறங்களும் இரு குழல்களிலிருந்து ஒரே நேரத்தில் ஒரே வாய்க்குத் தள்ளப்படுகின்றன. இடையில் ஒரு மெல்லிய தகடு மட்டும் இருந்தால் அவை அக்கம்பக்கமாக, சுழிப்பின்றி, அடுக்கடுக்காக ஓடி அச்சை நிரப்புகின்றன. தடித்த திரவம் குறுகிய வழியில் ஓடும்போது நீரைப்போல் கொந்தளிப்பதில்லை என்பதால்தான் அந்தக் கோடு வால்நுனிவரை குலையாமல் போகிறது. தகட்டுக்குப் பதில் ஓட்டத்தைப் பிரித்து மடிக்கும் துண்டைச் செருகினால், அதே நிறங்கள் பளிங்குக் கல்லின் வரிகளைப்போல் சுருண்டு வரும். இரு குழல்களும் ஒரே வெப்பநிலையில் இருப்பது மிக முக்கியம். ஒன்று பத்துப் பதினைந்து டிகிரி கூடுதலாக இருந்தாலும் அது மற்றதைவிட இளகலாகி, வால் பகுதிக்கு முந்திப் பாய்ந்து கோட்டைச் சாய்த்துவிடக்கூடும்.

நிறம் தரும் பொருள்களில் எனக்கு மிகவும் பிடித்தது டைட்டானியம் டைஆக்சைடு என்னும் வெண்ணிறப் பொருள் பூசிய மைக்காத் துகள், அதாவது அப்பிரகத் துகள். அந்தப் பூச்சின் தடிமன் ஒளியின் அலைநீளத்தை ஒத்திருப்பதால், அதன் மேற்பரப்பிலிருந்தும் அடிப்பரப்பிலிருந்தும் திரும்பும் ஒளியலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தியோ அழித்தோ ஒரு நிறத்தை மட்டும் எதிரொளிக்கின்றன. சோப்புக் குமிழியில் நாம் காணும் வண்ணமும் இதே வகைதான். நீலம் காட்டும் மைக்காவைக் கறுப்புப் புழுவில் சேர்த்தால் நீலம் உயிரோடு மினுங்கும். வெள்ளைப் புழுவில் சேர்த்தால், ஊடுருவிப்போன மஞ்சள் ஒளியும் வெண்பரப்பில் பட்டுத் திரும்பி நீலத்தைக் கரைத்துவிடும். ஜிகினாத் துகள்கள் சூடு தாங்கும் வகையாக இருக்க வேண்டும், இல்லையேல் சுருண்டு சாயம் கக்கும். திரவத்தைவிட அடர்த்தியானவை என்பதால், ஊற்றும் நொடிவரை கிளறாவிட்டால் பாத்திரத்தின் அடியில் படிந்துவிடும்.

கரையும் சாயங்கள் நிறமிகளைப்போல் அடங்கி இருப்பதில்லை. ஆறிய புழுவிலும் நெகிழ்வூட்டி திரவமாகவே உலவுகிறது. அதில் கரைந்த சாயமும் நாளடைவில் அதனுடன் நகர்ந்து, கூர்மையான கோட்டை மங்கச் செய்கிறது. வெவ்வேறு நிறப் புழுக்களை ஒரே பெட்டியில் போட்டால் ஒன்றின் நிறம் மற்றொன்றில் ஏறுவதும், சிலவகைக் கடினப் பிளாஸ்டிக் பெட்டிகள் பிசுபிசுத்து இளகுவதும் இதனால்தான்.

வெப்பநிலை 200 டிகிரியை நெருங்கும்போது பிவிசி சிதையத் தொடங்கி ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளியிடுகிறது. அது கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும்; மேலும் சிதைவையும் தூண்டும். குளோரினை இழந்த சங்கிலிகள் நீல ஒளியை உறிஞ்சுவதால் தெளிந்த திரவம் மஞ்சளாகிப் பிறகு பழுப்பாகும். எனவே அந்த மஞ்சளையே முதல் எச்சரிக்கையாகக் கொண்டு உடனே அடுப்பை அணைக்க வேண்டும். காற்றோட்டமான இடம், கண்ணைக் காக்கும் கண்ணாடி, கையுறை, சமையலுக்கு ஒருபோதும் திரும்பாத பாத்திரம் ஆகியவை இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. அச்சில் ஈரம் இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது: ஒரு துளி நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து, கொதிக்கும் பிளாஸ்டிக்கை முகத்தை நோக்கி வீசும்.

கிழிந்த புழுக்களை நீரில் எறியாமல் சேர்த்துவைத்தால், அவற்றை உருக்கி மறுபடி வார்க்கலாம். ஒவ்வொரு உருக்கலிலும் வெப்பத் தாங்கி வேதிப்பொருள் கொஞ்சம் தீர்ந்து, கலவை சற்று மஞ்சளாவதால், முதல்முறை வயிற்றின் வெண்மைக்கு உதவிய பிளாஸ்டிக், அடுத்தமுறை பச்சைக்கும் கடைசியில் முதுகின் கறுப்புக்கும் போய்ச் சேர்கிறது.