பூட்ஸ்: சொல்லும் கடியும்

மார்கழியில் ஒரு குளிர்நாட்டுப் பயணம் வாய்த்தது. அதற்கென்று ஐப்பசியிலேயே ஆம்பூரில் நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில் கணுக்கால் வரை மூடும் தோல் பூட்ஸ் வாங்கினேன். தேன் நிறம், நெருக்கமான தையல், மூக்கருகே கொண்டுபோனால் புதுத் தோலின் வாசனை. மூன்றாம் நாள் இரண்டு குதிகாலிலும் புளியங்கொட்டை அளவுக்குக் கொப்புளம். நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்த என்னிடம் அம்மா கேட்டார்: "என்னடா, செருப்பு கடித்துவிட்டதா?"

வாங்கியது பூட்ஸ், கடித்தது செருப்பு. காலை நாற்காலியில் தூக்கிப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தபோது இந்தச் சொற்களின் பின்னால் போனேன்.

பூட்ஸ் ஆங்கிலத்திலிருந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலத்துக்கு அது பழைய பிரெஞ்சு மொழியின் 'போத்' என்ற சொல்லிலிருந்து போனது. அதற்கு முந்தைய வேர் அறிஞர்களிடையே தெளிவுபடாமல் கிடக்கிறது. நமக்குச் சுவையான செய்தி அந்தக் கடைசி 'ஸ்'தான். அது ஆங்கிலப் பன்மை. தமிழில் அது ஒட்டிக்கொண்டு ஒருமையாகிவிட்டது. 'ஒற்றைக் கால் பூட்ஸ்' என்கிறோம், 'பூட்ஸ்கள்' என்று பன்மைக்கு மேல் பன்மை போடுகிறோம். ஆனால் அதே ஆங்கிலத்தில் பன்மையாகவே வழங்கும் பேண்ட்ஸைப் 'பேண்ட்' என்று வெட்டிவிட்டோம். ஒன்றின் வாலை நறுக்கி, மற்றதன் வாலை ஏன் வைத்துக்கொண்டோம்? என் ஊகம் இது: 'ஸ்' போனால் 'பூட்' மிஞ்சும். தமிழ் நாக்கு அதன் முடிவில் ஓர் உகரத்தைச் சேர்க்கும். அப்புறம் அது பூட்டு, சாவி போட்டுத் திறக்க வேண்டியதுதான். இதை வைத்துக்கொண்டு 'காலைப் பூட்டுவதால் பூட்ஸ்' என்று எவரேனும் நிறுவ வந்தால் நம்ப வேண்டாம். ஓசை ஒத்திருப்பதெல்லாம் உறவு ஆகாது.

ஆங்கிலத்தில் அது கணுக்காலையும் மூடினால்தான் அந்தப் பெயர். தமிழில் அந்தக் கணக்கு இல்லை. என் தாத்தா காலத்தவர்களுக்குக் குதிகாலை மூடிய எதுவும் பூட்ஸ்தான், பள்ளிப் பிள்ளையின் கறுப்பு ஷூ உட்பட. இன்னொரு பக்கம், 'பூட்ஸ் கால்' என்ற தொடரைக் கேட்டதும் போலீஸும் பட்டாளமும் நினைவுக்கு வருகின்றன. தமிழில் பூட்ஸ் கால் நடப்பதைவிட அதிகமாக உதைக்கிறது, மிதிக்கிறது. குளிருக்காக இதமாகப் போட்டுக்கொள்ளும் ஒன்றுக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தும்போது எனக்கே கொஞ்சம் உறுத்துகிறது.

இலங்கைத் தமிழருக்கு அந்த உறுத்தல் இல்லை. அவர்கள் சப்பாத்து என்பார்கள். 1505இல் இலங்கைக் கரைக்கு வந்த போர்ச்சுக்கீசியரின் 'சபாத்து' அது. சிங்களத்தில் சபத்து, மலாயிலும் இந்தோனேசியாவிலும் செபாத்து என்று கப்பல் போன துறையெல்லாம் அந்தச் சொல் இறங்கியிருக்கிறது. நம்மைவிட அவர்கள் இந்தச் சொல்லை நன்றாகச் செரித்துவிட்டார்கள் என்றே சொல்வேன். சப்பாத்து என்று எழுதினால் அது தமிழ்ச் சொல்லைப் போலவே உகரத்தில் நின்று, வேற்றுமை உருபு ஏற்று, சப்பாத்துக்கு, சப்பாத்தால் என்று தடையில்லாமல் ஓடுகிறது. 'பூட்ஸுக்கு' என்று எழுதும்போது பேனா ஒரு கணம் தயங்கத்தான் செய்கிறது.

எதிர்த்திசைப் பயணம் ஒன்றும் உண்டு. கணுக்காலோடு நிற்கும், இரண்டு மூன்று கண்களில் கயிறு கோத்த பூட்ஸுக்குக் கடைகளில் 'சக்கா' என்று பெயர். போலோ ஆட்டத்தின் ஒரு சுற்றுக்கான சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்ததாகப் பொதுவாகச் சொல்கிறார்கள். அந்தச் சொல்லோ இந்தியின் 'சக்கர்', அதாவது நம் சக்கரத்தின் உறவு. இங்கிருந்து போனது காலில் ஏறி விலைச்சீட்டோடு திரும்பி வந்திருக்கிறது.

இனி செருப்பு. இது திராவிட மொழிகளின் குடும்பச் சொத்து. மலையாளத்தில் செருப்பு, தெலுங்கில் செப்பு, கன்னடத்தில் கெர. தமிழின் செவி கன்னடத்தில் கிவி ஆவதைப் போலவே இங்கும் ககரம் அங்கே நின்றுவிட, நம்மிடம் சகரமாகியிருக்கிறது. அகநானூற்றில் 'செருப்புடை அடியர்' நடக்கிறார்கள். கண்ணப்பரைப் பாடும்போது மாணிக்கவாசகர் 'செருப்புற்ற சீரடி' என்கிறார். அந்தச் சொல்லுக்கு அங்கே எந்த இழிவும் இல்லை. பின்னாளில் அது வசவில் புகுந்துவிட்டதால், கண்ணியமான இடங்களில் பாதரட்சை என்றார்கள், பிறகு காலணி என்றார்கள். காலணி நல்ல ஆக்கம்தான். ஆனால் எந்தத் தாயும் 'காலணி கடித்துவிட்டதா' என்று கேட்டு நான் கேட்டதில்லை.

சரி, கணுக்காலை மூடும் தோலுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? பழைய நூல்களில் இரண்டு சொற்கள் காத்திருக்கின்றன. ஒன்று தொடுதோல். தொடுதல் என்றால் அணிதல். கன்னடத்தில் இன்றும் உடையையும் நகையையும் 'தொடு'கிறார்கள், நாம்தான் மறந்துவிட்டோம். தொடுகின்ற தோல் தொடுதோல். இரண்டாவது இன்னும் பொருத்தம்: அடிபுதை அரணம். பெரும்பாணாற்றுப்படையில் வணிகரைப் பற்றிய பகுதியில் வருகிறது. அடியைப் புதைத்துக் காக்கும் அரண். உரைகாரர் இதையும் செருப்பு என்றே சொல்லி நகர்ந்துவிடுகிறார். ஆனால் வார்ச் செருப்பு அடியைப் புதைக்காது. கள்வருக்கும் வழிக்கும் அஞ்சி நெடுந்தூரம் போகிறவன் மேலே சட்டையும் கீழே இதையும் அணிந்தான் என்றால், பாதத்தை முழுக்க மூடிய ஒன்று என்றே எனக்குப் படுகிறது. அகநானூறோ 'அடிபுதை தொடுதோல்' என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது.

அதற்காகக் கடைக்காரரிடம் போய் 'ஒன்பதாம் எண்ணில் அடிபுதை அரணம் இருக்கிறதா' என்று கேட்கச் சொல்லவில்லை. எழுத்தில் வேண்டுமானால் 'கணுக்கால் பூட்ஸ்' போதும், தனித்தமிழ் விரும்புவோர் 'அடிபுதை காலணி' என்று எழுதலாம். கரும்பின் கணுவும் காலின் கணுவும் ஒரே கணு என்பதால் கணுக்கால் எனக்குப் பிடித்த சொல். எலும்பு முடிச்சாகப் புடைத்திருக்கும் அந்த இடத்தில்தான் பூட்ஸின் விளிம்பு வந்து உட்கார்ந்து அறுக்கிறது.

பெயர்ச்சொல்லில் நாம் கடன் வாங்கினோம். வினைச்சொல்லில் நாம்தான் செல்வர். பாம்புக்கடி, நாய்க்கடி, செருப்புக்கடி என்று செருப்பையும் பல்லுள்ள உயிர்களின் வரிசையில் வைத்தவர்கள் நாம். இந்திய ஆங்கிலத்தில் சொல்லும் 'ஷூ பைட்' நம் மொழிகளிலிருந்து போனதாகவே தோன்றுகிறது. உண்மையில் நடப்பது என்னவோ கடி இல்லை. புதுத் தோலின் அடிப்பகுதி வளையாது. அடி எடுத்து வைக்கும்போது குதிகால் உள்ளே மேலும் கீழும் ஏறி இறங்குகிறது. நம் காலின் தோல் காலுறையோடு ஒட்டிக்கொண்டு நிற்க, உள்ளே எலும்பு நகர்கிறது. அந்த இழுபறியில் தோலின் அடுக்குகள் பிரிந்து இடையில் நீர் கோக்கிறது. வியர்வை சேர்ந்தால் இன்னும் விரைவாக. ஆகவே உரசி எரியத் தொடங்கிய உடனே பிளாஸ்திரி ஒட்டிவிட வேண்டும். கொப்புளம் வந்த பிறகு ஒட்டுவது நான் செய்த வேலை.

வாங்கும்போதே நான் ஒரு தவறு செய்திருந்தேன். காலையில் போனேன், மெல்லிய காலுறையோடு போட்டுப் பார்த்தேன். கால் மாலையில்தான் தன் முழு அளவுக்கு வீங்கி நிற்கும். எந்தக் காலுறையோடு நடக்கப் போகிறோமோ அதோடுதான் அளவு பார்க்க வேண்டும். பெருவிரலுக்கு முன்னால் ஏறக்குறைய ஒரு கட்டைவிரல் அகலம் வெற்றிடம் வேண்டும், ஏனென்றால் தோல் பக்கவாட்டில் கொஞ்சம் விரிந்துகொடுக்கும், நீளத்தில் கொடுக்காது. குதிகால் இலேசாக எழும்பினால் பரவாயில்லை, அடி வளையத் தொடங்கினால் அது அடங்கிவிடும். விரல்கள் நெருக்கப்பட்டால் மட்டும் எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். 'செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிக்கிறதா' என்று நம் பழமொழி இதற்கென்றே கேட்டிருக்கிறது.

தோல் எப்படிப் பதனிடப்பட்டது என்பதும் உண்டு. பதம் என்ற சொல்லின் அருமை இங்கே தெரியும். சோற்றுக்கும் பாகுக்கும் மண்ணுக்கும் சொல்கிற அதே பதம்தான் தோலுக்கும். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் வாரக்கணக்கில் ஊறிய தோல் முதலில் விறைத்து நின்று, பிறகு அந்த ஒரு காலின் அச்சாகவே மாறும். குரோமிய உப்பில் ஓரிரு நாளில் பதமான தோல் தொடக்கத்திலிருந்தே இளகி இருக்கும். அந்த விரைவுக்கு, தோல் ஆலைக் கழிவைச் சுமந்த பாலாறு கொடுத்த விலை தனிக் கதை, 1996இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பான கதை. என்னுடையது பட்டையில் பதனிட்ட ரகம். கடைக்காரர் சொல்லத்தான் செய்தார், நான்தான் காதில் வாங்கவில்லை.

புதுப் பூட்ஸை இளக்கிக் காலுக்கு இணங்கச் செய்வதை ஆங்கிலத்தில் 'உடைத்தல்' என்ற பொருள்பட ஒரு தொடரால் சொல்வார்கள். முரட்டுக் குதிரைக்குச் சொல்லும் அதே தொடர். நாம் எதையும் உடைப்பதில்லை. இளங்காளையை நுகத்துக்குப் பழக்குவது போல, செருப்பையும் பழக்குகிறோம். அதிலும் ஒரு நுட்பம்: 'செருப்பு காலுக்குப் பழகியது' என்றும் சொல்லலாம், 'கால் செருப்புக்குப் பழகியது' என்றும் சொல்லலாம். இரண்டுமே நடக்கிறது.

இதற்கும் ஒரு பழைய சொல் இருக்கிறது. அதே பெரும்பாணாற்றுப்படையில், மாடு மேய்க்கும் இடையனின் பாதம் இப்படி வருகிறது: 'தொடுதோல் மரீஇய வடு ஆழ் நோன் அடி.' செருப்பு பழகிப் பழகி வடு ஆழப் பதிந்த வலிய அடி. மருவுதல் என்றால் நெருங்கிப் பழகுதல். தஞ்சாவூர் தஞ்சை ஆவதை இலக்கணம் மரூஉ என்று சொல்கிறதே, அதே சொல்தான். நாக்கில் புழங்கித் தேய்ந்த சொல்லுக்கும் காலில் புழங்கி இளகிய தோலுக்கும் தமிழ் ஒரே வினையை வைத்திருக்கிறது. தொண்டை நாட்டு மன்னன் இளந்திரையன் மேல் பாடிய நூல் அது. அவனுடைய காஞ்சிக்கு மேற்கே, அதே பாலாற்றின் கரையில்தான் வாணியம்பாடியும் ஆம்பூரும் இன்று தோலைப் பதனிட்டுக்கொண்டிருக்கின்றன.

நான் பூட்ஸை மருவச் செய்தது தெருமுனையில் செருப்புத் தைக்கும் பெரியவரின் தயவில். அவர் பூட்ஸுக்குள் கையை விட்டுக் கட்டைவிரலால் குதிகால் பகுதியைத் தடவிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தினார். "இங்கேதானே சார்?" அங்கேதான். மேல்விளிம்பு மடிந்து தைத்த இடத்தில் அரிசி பருமனுக்கு ஒரு தடிப்பு. பூட்ஸை இரும்புக்காலில் கவிழ்த்து மாட்டி, சுத்தியலால் அந்தத் தடிப்பை மட்டும் மெல்ல மெல்லத் தட்டினார். பிறகு ஒரு மெழுகுவர்த்தித் துண்டை எடுத்து உள்விளிம்பில் தேய்த்தார். "தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள். முதல் வாரம் வீட்டுக்குள் ஒரு மணி நேரம் போட்டு நடந்தால் போதும்" என்றார். இருபது ரூபாய் கேட்டார்.

தடித்த காலுறையோடு அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். இரண்டு வாரத்தில் விரல் மடியும் இடத்தில் குறுக்கே மூன்று சுருக்கங்கள் விழுந்தன. இடது கால் அடங்கிவிட்டது. வலது பூட்ஸ் மட்டும் மாடிப்படி ஏறும்போது இன்னும் கொஞ்சம் உரசுகிறது. சனிக்கிழமை பெரியவரிடம் மறுபடி எடுத்துப் போக வேண்டும்.