போஸ்டரைக் காட்டி "அந்தப் படம்" என்று கேட்க வைக்காதீர்கள்

இந்த மாதம் இன்னொரு நல்ல படத்தை நான்காவது நாளே தியேட்டரிலிருந்து தூக்கினோம். பெயர் சொல்ல மாட்டேன். எடுத்தவர்கள் ஏற்கெனவே நொந்து போயிருக்கிறார்கள். ஒரு அப்பா, ஒரு மகள், அடகில் போன நகை, விற்க மனம் வராத பழைய வீடு என்று போகிற கதை. பார்த்த சிலரும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வெளியே வந்தார்கள். தலைப்போ சுடுகாட்டில் நட்டநடு ராத்திரியில் எடுத்த படம் மாதிரி. குடும்பத்தோடு வந்தவர்கள் "பேய்ப் படம், பிள்ளைங்க தூங்காது" என்று பக்கத்து ஸ்க்ரீனுக்குப் போனார்கள். பேயைத் தேடி வந்த பையன்கள் இடைவேளையிலேயே எழுந்து, போகிற போக்கில் மொபைலில் நாலு வரி திட்டிவிட்டுப் போனார்கள். இரண்டு தரப்பையும் குறை சொல்ல முடியாது.

எந்தப் படத்துக்கு எந்த ஸ்க்ரீன், எத்தனை காட்சி என்று முடிவு செய்வதுதான் என் வேலை. தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் இதை நாங்கள் புரோகிராமிங் என்போம். படம் ஓடாமல் போனால் வசூல் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயாரிப்பாளருக்குப் பதில் சொல்வதும் இதே வேலையில் அடக்கம். அப்படிப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். இதில் பாதி, படம் எடுப்பவர்களுக்கு. மீதி, படம் பார்ப்பவர்களுக்கு.

தலைப்பைப் பற்றி வாய் திறந்தாலே ஒரு பதில் தயாராக வரும். "கன்டென்ட் நல்லா இருந்தா பேரையெல்லாம் யாரு சார் பாக்குறா? மவுத் டாக்ல பிக்கப் ஆயிடும்." இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே விளக்குகிறேன்.

மவுத் டாக் வர வேண்டுமென்றால் முதலில் யாராவது படத்தைப் பார்க்க வேண்டும். பெரிய நட்சத்திரம் இல்லாத படத்துக்கு வெள்ளிக்கிழமை காலைக் காட்சியில் ஆள் சேர்ப்பது தலைப்பு, போஸ்டர், டிரெய்லர் ஆகிய மூன்றுதான். டிரெய்லரைப் பார்ப்பதா வேண்டாமா என்பதையும் பாதி நேரம் தலைப்பே தீர்மானித்துவிடுகிறது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் கணக்கையும் வைத்து ஞாயிறு இரவே நாங்கள் உட்கார்ந்துவிடுவோம். திங்கள் முதல் காட்சிகள் குறையும். மாலைக் காட்சி போய் மதியக் காட்சி மட்டும் மிஞ்சும். வேலைக்குப் போகிற மனிதர் எவர் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் படம் பார்ப்பார்? புதன்கிழமைக்குள் அடுத்த வெள்ளியின் படங்களுக்கு இடம் ஒதுக்கியாக வேண்டும். உங்கள் மவுத் டாக் கிளம்பி வந்து சேரும்போது ஸ்க்ரீனில் வேறு படம் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. வாயால் பரவ வேண்டிய பெயர் வாயில் வர வேண்டாமா? அலுவலகத்தில் ஒருவர் "நேத்து ஒரு படம் பார்த்தேன், அட்டகாசம்" என்கிறார். "என்ன படம்?" என்று கேட்டதும் ஒரு நொடி தயங்கி, "அது... பேரை விடுங்க, படம் நல்லா இருக்கு" என்கிறார். கேட்டவர் எதை நினைவில் வைத்துக்கொண்டு டிக்கெட் ஆப்பில் தேடுவார்? மாமனார், சித்தப்பா, அத்தை எல்லோரும் இருக்கிற குடும்ப வாட்ஸப் குழுவில் இரட்டை அர்த்தத் தலைப்பை டைப் செய்து "சண்டே போலாமா?" என்று கேட்க எந்த மருமகளுக்கு மனம் வரும்? குடும்பம் தியேட்டருக்கு வர வேண்டுமானால் யாராவது ஒருவர் வீட்டில் அந்தப் பெயரை உரக்கச் சொல்லியாக வேண்டும். அந்த ஒருவரைத்தான் நீங்கள் சங்கடத்தில் மாட்டிவிடுகிறீர்கள்.

கன்டென்ட் காப்பாற்றும் என்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 1994-ல் வந்த 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்'. கன்டென்டுக்கு என்ன குறை? ஏழு ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன. ஆனால் சுமார் 250 லட்சம் டாலரில் எடுத்த படம் முதல் சுற்றில் வசூலித்தது சுமார் 160 லட்சம் டாலர். பரிந்துரைகளுக்குப் பிறகு மறுபடி வெளியிட்டுக் கொஞ்சம் தேற்றினார்கள். அந்தப் பெயரை யாராலும் நினைவில் வைக்க முடியவில்லை என்று படத்தின் நாயகன் டிம் ராபின்ஸே சொல்லியிருக்கிறார். தலைப்பு மட்டும்தான் காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன். 'பல்ப் ஃபிக்‌ஷன்', 'ஃபாரஸ்ட் கம்ப்' இரண்டும் அதே வருஷம் போட்டிக்கு வந்த படங்கள். ஆனாலும் ஜனங்கள் அந்தப் படத்தைக் கண்டுபிடித்தது தியேட்டரில் இல்லை. வீடியோ கடையிலும், பிறகு திரும்பத் திரும்ப ஒளிபரப்பிய கேபிள் டிவியிலும்தான். உங்கள் ஃபைனான்சியர் அத்தனை வருஷம் பொறுப்பாரா என்று கேட்டுவிட்டு என்னிடம் வாருங்கள்.

இதற்கு நேரெதிர் கோடியில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு எல்லாமே சகுனம். தலைப்பில் சாவு வரக்கூடாது, வறுமை வரக்கூடாது, 'இல்லை' என்ற சொல் வரக்கூடாது. இவர்களுக்கு ஒரே பதில், 2016-ல் வந்த 'பிச்சைக்காரன்'. சென்டிமென்ட் பார்க்கிறவர்கள் காதைப் பொத்திக்கொள்ளும் தலைப்பு. படம் தமிழிலும் ஓடியது. 'பிச்சகாடு' என்று தெலுங்குக்குப் போய் அங்கே அதைவிடப் பெரிதாக ஓடியது. 2023-ல் இரண்டாம் பாகமும் அதே பெயரில்தான் வந்தது. கவுன்டரில் "பிச்சைக்காரன் நாலு டிக்கெட்" என்று கேட்க யாரும் கூச்சப்படவில்லை. கதை யாரைப் பற்றியது என்பதும் அந்த ஒற்றைச் சொல்லிலேயே தெரிந்துவிட்டது. கசப்பான தலைப்பு வேறு, ஆளை விரட்டும் தலைப்பு வேறு. இந்த வித்தியாசம் புரியாமல்தான் நியூமராலஜிக்காரரிடம் போய் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு 'ஏ'வும் ஒரு 'எச்'சும் சேர்த்துக்கொண்டு வருகிறார்கள். ஆப்பில் தேடுகிறவர் சாதாரணமாக டைப் செய்வார், படம் வராது. சகுனம் பார்த்த பலன் அவ்வளவுதான்.

'காக்கா முட்டை'யைச் சொல்லி என்னை மடக்கப் பார்ப்பவர்களும் உண்டு. விசித்திரமான பெயர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2014-ல் டொராண்டோ திரைப்பட விழாவுக்குப் போய், 2015 மார்ச்சில் தேசிய விருது அறிவிக்கப்பட்டு, ஜூனில்தான் படம் தியேட்டருக்கு வந்தது. அதற்குள் அது இரண்டு சிறுவர்களின் கதை, பீட்சாவுக்கு ஆசைப்படுகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். தலைப்பு செய்ய வேண்டிய வேலையைச் செய்திகள் செய்து முடித்திருந்தன. உங்கள் கையில் டொராண்டோ இருக்கிறதா?

சரி, ஆளை விரட்டுவது எது? என் அனுபவத்தில் முதலிடம் கூச்சத்துக்கு. ஒரு முறை மனைவி, கல்லூரி வயது மகளோடு ஒருவர் கவுன்டருக்கு வந்தார். படத்தில் ஆபாசம் எதுவும் கிடையாது. தலைப்பை மட்டும் கிளுகிளுப்பாக வைத்திருந்தார்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்த போஸ்டர் மேல் விரலை வைத்து, "அந்த மஞ்சள் கலர் படம், மூணு" என்றார். கவுன்டரில் இருந்த பெண்ணும் சூட்டிகை. பெயரை எடுக்காமல் "ஸ்க்ரீன் ரெண்டு, ஆறரை மணி ஷோ, மூணு டிக்கெட்டா சார்?" என்று முடித்துவிட்டார். அவர் சொந்தமாகவே கற்றுக்கொண்ட வித்தை அது. அந்த மனிதராவது துணிந்து வந்தார். வீட்டிலேயே பேச்சை எடுக்காமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்பது எந்த வசூல் சீட்டிலும் வராது.

அடுத்தது வேறு வகைப் படம் என்று நினைக்க வைப்பது. ஆரம்பத்தில் சொன்ன படத்துக்கு நடந்தது இதுதான். பயமுறுத்தும் பெயரை வைத்தால் "இன்ட்ரஸ்டிங்கா" இருக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். வர வேண்டியவர் வரவில்லை, வரக்கூடாதவர் வந்து திட்டினார். இதைவிட மோசமான கணக்கு எங்கள் தொழிலில் கிடையாது.

விரட்டிவிடுமோ என்று பயந்து ஒன்றுமே சொல்லாத பெயர் வைப்பதும் விமோசனம் இல்லை. 'ஜான் கார்ட்டர் ஆஃப் மார்ஸ்' என்ற பெயரில் தயாரான படத்தின் தலைப்பிலிருந்து செவ்வாய்க் கிரகத்தை வெட்டிவிட்டு, 2012-ல் வெறும் 'ஜான் கார்ட்டர்' என்று வெளியிட்டார்கள். அந்தப் பெயரைப் பார்த்து யாரால் என்ன யூகிக்க முடியும்? ஆடிட்டராகவும் இருக்கலாம், வக்கீலாகவும் இருக்கலாம். வெளியான மாதமே சுமார் 20 கோடி டாலர் நஷ்டம் என்று டிஸ்னி அறிவித்தது. அதிலும் தலைப்பின் பங்கு ஒரு பகுதிதான்.

வெளியான பிறகு பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். 2020-ல் 'பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே' ஒரு வால்நீளத் தலைப்போடு வந்தது. முதல் வார இறுதி வசூலைப் பார்த்த பிறகு, டிக்கெட் பட்டியல்களில் நாயகி ஹார்லி க்வின் பெயரை முன்னால் கொண்டுவந்து போட்டார்கள். அந்த மூன்று நாள் போனது போனதுதான். நம் ஊரில் கஷ்டம் இன்னும் அதிகம். தணிக்கைச் சான்றிதழில் ஏறிய பெயரை மாற்ற மறுபடி வாரியத்துக்கு ஓட வேண்டும். (நீளத் தலைப்புப் பிரியர்களுக்கு ஒரு தகவல்: எங்கள் சர்வருக்கு வரும் டிஜிட்டல் பிரதியின் கோப்புப் பெயரில், படத்தின் பெயருக்கு 14 எழுத்துதான் இடம். அதுவும் ஆங்கிலத்தில். நீங்கள் வைத்த கவிதையில் மிஞ்சுவது முதல் இரண்டு சொல்.)

மாற்றச் சொன்னால் "அது டைரக்டரோட விஷன்" என்கிறார்கள். தமிழ்த் தலைப்புக்கு வரிவிலக்கு என்று 2006-ல் அரசு அறிவித்தபோது 'ஜில்லுனு ஒரு காதல்' என்பது 'சில்லுனு ஒரு காதல்' ஆனது, 'எம்டன் மகன்' என்பது 'எம் மகன்' ஆனது. வரிக்காக மாற்றியபோது யாருடைய விஷனும் கெட்டுப்போகவில்லை. டிக்கெட் வாங்குகிறவருக்காக மாற்றினால் மட்டும் கெட்டுவிடுமா?

செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. ஃபர்ஸ்ட் லுக் விடுவதற்கு முன், உங்களிடம் சம்பளம் வாங்காத, சினிமாவோடு சம்பந்தமில்லாத பத்துப் பேருக்கு போன் போடுங்கள். தலைப்பை ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், முகத்துக்கு நேராக யாரும் நல்லா இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "இது என்ன மாதிரிப் படம்னு தோணுது?" என்று கேளுங்கள். மறுநாள் மறுபடி கூப்பிட்டு "நேத்து என்ன பேர் சொன்னேன்?" என்று கேளுங்கள். பதிலைக் கேட்டு வாதாடாதீர்கள், தயவுசெய்து. அத்தனை பேரிடமும் உட்கார்ந்து விளக்கம் சொல்ல உங்களால் முடியாது. தலைப்பைத் தயாரிப்பாளர் சங்கத்தில் பதிவு செய்தாகிவிட்டது, மாற்ற வழியே இல்லை என்றால், கதை என்னவென்று சொல்லும் ஒரு வரியைப் போஸ்டரில் தலைப்புக்குக் கீழே கண்ணுக்குத் தெரிகிற அளவில் போடுங்கள். எறும்பு ஊர்கிற மாதிரி ஓரத்தில் போடுவதற்குப் போடாமலே இருக்கலாம்.

பார்க்கிறவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. ஓடிடியில் வந்த பிறகு "இவ்வளவு நல்ல படமா? பேரைப் பார்த்து தியேட்டர்ல விட்டுட்டேனே" என்று எழுதுகிறீர்களே, அதைப் படிக்கும்போது அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. தலைப்பு உறுத்தினால் ஒதுக்குவதற்கு முன் சான்றிதழைப் பாருங்கள். இப்போது யு/ஏ-விலேயே 7+, 13+, 16+ என்று பிரித்துத் தருகிறார்கள். ஆப்பில் படத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கும். இரண்டு நிமிஷம் ஒதுக்கி டிரெய்லரைப் பாருங்கள். படம் பிடித்திருந்தால் அடுத்தவரிடம் பெயரை முதலில் சொல்லாதீர்கள். "அடகு வச்ச நகையை மீட்கப் போற ஒரு அப்பா பொண்ணு கதை" என்று சொல்லிவிட்டு, பிறகு பெயரைச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். கவுன்டரில் வந்து பெயரைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் சொல்லவே வேண்டாம், ஸ்க்ரீன் எண்ணும் காட்சி நேரமும் போதும், எங்கள் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.