மினிமம் வேஜஸ் – குறைந்தபட்ச ஊதியம்

"கவர்மென்ட் ரேட்டு என்னவோ அதைத்தானேப்பா தர்றோம்?" நான் முதலில் வேலை பார்த்த ஜவுளிக்கடையில், சம்பளம் கூட்டிக் கேட்டபோது மேனேஜர் சொன்ன பதில் இது. கல்லாவுக்குப் பின்னால், சாமி படத்தை ஒட்டி, ஊதுபத்திப் புகையில் பழுப்பேறிய ஒரு தாள் தொங்கும். அதைக் கையால் காட்டிவிட்டுத்தான் சொன்னார். தாளில் இருந்தது 'குறைந்தபட்ச ஊதியம்'. அவர் வாசித்தது 'ரேட்டு'.

மினிமம் என்றால் லத்தீனில் மிகச் சிறியது. வேஜ் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் முதல் பொருள் சம்பளமே இல்லை, ஈடு, பிணையம். மார்ட்கேஜின் (அடமானம்) பின்பாதியும் அதே வேர்தான்.

நம் பக்கக் கதை இன்னும் சுவையானது. 'முதலிலார்க்கு ஊதியம் இல்லை' என்கிறது குறள் (449). முதல் போடாதவனுக்கு லாபம் கிடையாது என்று பொருள். ஆக, ஊதியம் அன்றைக்கு முதலாளி பக்கத்துச் சொல். உழைப்பவனுக்குக் குறள் தரும் சொல் கூலி: 'முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்' (619). உடம்பு வருந்தியதற்குக் கிடைப்பது. இலங்கைக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிய தோட்டத் தொழிலாளர்களைக் குறிக்கும் வசைச்சொல்லாக ஆனபின் கூலிக்கு மதிப்புப் போயிற்று. அரசாணைகளில் ஊதியம் வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

'பட்சம்' வடமொழிப் பக்ஷம். சிறகு, பக்கம் என்று பொருள். வளர்பிறையைச் சுக்கில பட்சம் என்பதும் அதனால்தான். தனித்தமிழில் 'சிறும ஊதியம்' என்று எழுதுவோர் உண்டு. நான் 'கீழ்வரம்பு ஊதியம்' என்பேன். வயல் வரம்பு மாதிரி, அதற்கு மேலே எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். கீழே இறங்கக் கூடாது. 'ரேட்டு' என்று சொன்ன மேனேஜர் வரம்பை விலையாக்கிவிட்டார்.

வரம்பு எவ்வளவு கறார் என்பதற்கு 1948-ஆம் ஆண்டின் பழைய குறைந்தபட்ச ஊதியச் சட்டமே சாட்சி. குறைவாக வாங்கிக்கொள்ளச் சம்மதம் என்று தொழிலாளியே எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் அந்தத் தாள் செல்லாது. குறைத்துக் கொடுத்தால் பாக்கித் தொகையோடு அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடு வாங்கித் தர வழி உண்டு. 1982-இல் ஏஷியாட் (டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி) கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருபடி மேலே போய், இந்த வரம்புக்குக் கீழே கூலி கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23-ஆம் பிரிவு தடைசெய்த கட்டாய உழைப்பே என்றது. பழைய சட்டத்தில் மனுப்போட ஆறு மாதம்தான் கெடு. 2019-இல் நிறைவேறி, 2025-இல் அதன் இடத்துக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு அதை மூன்று ஆண்டாக்கியது.

தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை, பேச்சுவழக்கில் 'லேபர் ஆபீஸ்'. ஆலை இயந்திரத்தின் காப்பு, நச்சுப்புகை போன்ற பாதுகாப்பு விஷயங்களுக்குத் தனியாகத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் இருக்கிறது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது 2021-இல்தான். அதற்குமுன் புடவை விரித்துக் காட்டிய கால்களைக் கேட்டுப் பாருங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது: காய்கறிக்கடைத் தராசுக்கு முத்திரை வைப்பதும் இதே தொழிலாளர் துறைதான். எடை குறைந்தாலும் கூலி குறைந்தாலும் போய் நிற்கவேண்டிய வாசல் ஒன்று.

மனுவில் மட்டும் என் 'கீழ்வரம்பு' வேண்டாம். 'குறைந்தபட்ச ஊதியம்' என்றே எழுதுங்கள். சம்பளச் சீட்டில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்), டி.ஏ. (அகவிலைப்படி) இரண்டையும் கூட்டி, அரசாணையில் உங்கள் தொழிலுக்குப் போட்டிருக்கும் தொகையோடு ஒப்பிட்டு, மாதாமாதம் எவ்வளவு குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.